படக்குழாயின் முதுமை

தமிழக அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் வீடுவீடாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள், சமவெளியின் நகரங்களில் பெரும்பாலும் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட இந்நாளிலும், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் சிற்றூர்களில், சாமையும் புளியும் தேனும் தரும் சொற்ப வருமானத்தைக் கொண்டு குடும்பம் நடத்தும் மலையாளிப் பழங்குடி மக்களின் இல்லங்களில், ஆங்காங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகின்றன என்பதோடு சேர்த்து, அவற்றால் விளையும் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். படம் மங்கிப்போயிற்று, காலையில் போட்டால் வெகுநேரம் கழித்துத்தான் தெளிகிறது, ஓரத்தில் பச்சையாகத் திட்டு விழுகிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை, புது செட்டாப் பாக்ஸ் வாங்கி வந்தால் அதில் பழைய ஒயரை மாட்ட இடமே இல்லை. பழைய பெட்டியை விட மனமோ வசதியோ இல்லாத எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய முறையீடுகள் இவை.

பழையது என்றால் அப்படித்தான் இருக்கும், தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் பலர். பணமுள்ளவர்க்கு அது எளிய உபாயம். ஆனால் மேற்சொன்ன குறைகளை விஞ்ஞானக் கண்கொண்டு நோக்கினால், அவற்றுட் சில பெட்டியின் உள்ளே நிகழும் பௌதிக, இரசாயன மாறுதல்களால் வருவன என்பதும், வேறு சில, பெட்டி எவ்வித மாறுதலும் அடையாதிருக்க, அதைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டமையால் வருவன என்பதும் புலப்படும். முதல் வகைக்கு மெக்கானிக்கிடம் ஓரளவு பரிகாரம் உண்டு. இரண்டாம் வகைக்குப் பெட்டியைப் பழிப்பது நியாயமே அன்று.

உள்ளே நிகழ்வதை முதலில் காண்போம். 1897இல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரௌன், காற்றகற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் வளைத்து, ஒளிரும் திரையின்மேல் புள்ளியாக ஓடவிட்டுக் காட்டினார். அவருக்கு 1909இல் மார்க்கோனியுடன் பகிர்ந்து கிடைத்த நோபல் பரிசு கம்பியில்லாத் தந்திக்காகவே வழங்கப்பட்டது. ஆயினும் உலகத்து வீடுகளில் அவருடைய பெயர் தெரியாமலே குடியேறியது அவருடைய குழாய்தான். வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயில், கழுத்துப் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணங்களுக்கு ஒவ்வொன்றாக மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 6.3 வோல்ட் மின்சாரத்தால் சிவக்கக் காயும் ஓர் இழை; அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசிய கேதோடு என்னும் சிறு தொப்பி. சூடேறிய அப்பூச்சிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களை 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட உயர் அழுத்தம் திரையை நோக்கி இழுக்கிறது. வழியில் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று நின்று, அந்தந்தக் கற்றை அந்தந்த வண்ணத்தில் ஒளிரும் பாஸ்பர்ப் பூச்சின்மேல் மாத்திரமே விழுமாறு காவல் செய்கிறது.

கற்றை ஒரே சமயத்தில் முழுப் படத்தையும் தீட்டுவதில்லை. உழவன் ஏரைக் கொல்லையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டி, மீண்டும் வந்து அடுத்த சாலைத் தொடங்குவதுபோல, அது திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு ஒவ்வொரு கோடாக ஓடுகிறது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகளையும் அடுத்து இரட்டைப்படைக் கோடுகளையும் போட்டு, 625 கோடுகள் கொண்ட படங்களை ஒரு விநாடிக்கு 25 வீதம் முடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 15,625 கோடுகள். கற்றையை வளைக்கும் சுருளும், உயர் அழுத்தத்தை உண்டாக்கும் மின்மாற்றியும் இதே வேகத்தில் இழுபட்டுத் தளர்வதால் அவற்றின் பாகங்கள் நுண்ணிதாக அதிர்ந்து, மிக மெல்லிய கீச்சொலி ஒன்றை எழுப்புகின்றன. பக்கத்து அறையில் டி.வி. போட்டிருக்கிறார்கள் என்று குழந்தைகள் சப்தமே இல்லாதபோதும் கண்டுபிடித்துச் சொன்னதும், பாட்டிமார் அதை நம்பாததும் இதனாலேதான். வயது ஏற ஏற மனிதச் செவி அத்தகைய உச்ச அதிர்வுகளை இழந்துவிடுகிறது.

இனி முதுமைக்கு வருவோம். கேதோடின் பூச்சு ஆயிரக்கணக்கான மணி நேரம் காய்ந்த பின் அதன் மேற்பரப்பிலுள்ள பேரியம் குறைந்துபோகிறது; குழாயினுள் மிச்சமிருக்கும் நுண்ணளவு வாயு அணுக்களும் அதன்மேல் மோதிக் கெடுக்கின்றன. எலெக்ட்ரான் வரத்து குன்றுகிறது. ‘டியூப் வீக் ஆயிடுச்சுங்க’ என்று ஆலங்காயத்திலோ போளூரிலோ செங்கத்திலோ மெக்கானிக் சொல்வாரானால், அவர் குறிப்பது இதைத்தான். வலு குறைந்த கேதோடு முழுச் சூடு ஏறும்வரை போதிய எலெக்ட்ரான்களைத் தராதாகையால் படம் நெடுநேரம் கழித்தே வெளிச்சம் பெறுகிறது. மூன்று துப்பாக்கிகளும் ஒரே அளவில் தேயாமையால், ஒரு வண்ணம் பின்தங்கி முகங்கள் பசுமையாகவோ நீலமாகவோ தோன்றுகின்றன. இழைக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சற்றே உயர்த்தி மெக்கானிக் சில மாதங்களுக்கு உயிர் ஊட்டுவதுண்டு. அது நிலையான வைத்தியமன்று. பூச்சில் எஞ்சியிருப்பதை விரைவில் செலவழிக்கும் காரியமே.

காலையில் மங்கலாக, கலங்கலாகத் தோன்றிய படம் சற்று நேரத்தில் கூர்மை பெறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மலைப் பிரதேசத்திற்கு அது விசேஷமாகப் பொருந்தும். எலெக்ட்ரான் கற்றையைக் குவிப்பதற்கென்று பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் குழாயின் கழுத்திலுள்ள சாக்கெட் வழியாகச் செல்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி நனைக்கும் ஜவ்வாது மலையில், பனியும் ஈரமும் மண்டிய அறைகளில், அந்தச் சாக்கெட்டின் உள்ளே ஈரமும் தூசியும் படிந்து மின்சாரம் கசிய வழி உண்டாகிறது. கசிவினால் குவியம் கெடுகிறது. உள்ளே சூடேறி ஈரம் உலர்ந்ததும் படம் தானே திருந்துகிறது. இந்தக் குறைக்காகப் படக்குழாயையே குற்றம் சொல்லிப் பெட்டியை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது அற்ப விலையுள்ள ஒரு சாக்கெட் மாத்திரமே.

மின்தேக்கிகளின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அவற்றினுள் இருக்கும் திரவம் சூட்டினால் மெல்ல மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 பாகை ஏறும்போதெல்லாம் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் அநுபவக் கணக்கு. நெடுந்தொலைவு இழுத்துவரப்பட்ட மின்கம்பியின் கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏறியிறங்கும் சிரமம் இத்துடன் சேர்ந்தால், மின்வழங்கிப் பகுதி பழுதாவதில் ஆச்சரியமில்லை. இடி மின்னல் வரும்போது பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் ஒருங்கே பிடுங்கிவைக்கும் வழக்கம் மலைவாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதன்று.

ஓரத்துப் பச்சைத் திட்டுக்குக் காரணம் காந்தம். துளைத் தகடு எஃகாகையால், அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தத்தாலும், பூமியின் காந்தப் புலத்தாலுங்கூட அது சிறிது காந்தமேறி, கற்றைகளை இடம் மாறி விழச் செய்கிறது. இதை நீக்குவதற்கென்றே திரையைச் சுற்றி ஒரு செம்புச் சுருள் உண்டு. சுவிட்சைப் போட்ட முதல் விநாடிகளில் மாத்திரம் மின்சாரம் அதில் பாய்ந்து, படிப்படியாகக் குறைந்து, தகட்டின் காந்தத்தை அழிக்கிறது. ரிமோட்டால் மட்டுமே அணைத்துவிட்டு மெயின் சுவிட்சைத் தொடாத வீடுகளில், மிகப் பல மாதிரிகளில் இச்சுருள் வேலை செய்வதேயில்லை. ஆகவே ஒலிபெருக்கியை அப்பால் நகர்த்திவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு மீண்டும் போடுக. பெரும்பாலான திட்டுகள் செலவின்றி மறையும். (பின்மூடியைத் திறந்து பார்க்கும் துணிவு மட்டும் வேண்டா. அணைத்த பின்னும் குழாய் நெடுநேரம் உயர் அழுத்த மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும். அது ஆளைத் தூக்கி எறியக்கூடியது.)

இதுவரை சொன்னவை முதுமையின் குறைகள். வெளியுலகம் மாறியமையால் வந்த குறைகளுக்கு இப்போது வருவோம். எனக்கு வருத்தம் தருவனவும் இவையே.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய நாள்முதல், தரையில் நட்ட கோபுரத்திலிருந்து எழும் அலையைக் கூரைமேல் கட்டிய ஆன்டெனாவால் பிடிப்பதே வழக்கமாக இருந்தது. மலைநாட்டில் அது எளிதன்று. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 400 மீட்டருக்கு மேற்பட்டது. அத்தகைய நெடிய அலை குன்றுகளைத் தழுவிக்கொண்டு, அவற்றின் மறுபுறத்துப் பள்ளத்திலும் ஓரளவு இறங்கிவிடும். தொலைக்காட்சி அலையோ ஒன்றரை மீட்டர் அளவினது. அது ஏறக்குறைய ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்வது; குன்று குறுக்கிட்டால் பின்னால் நிழல்தான். ஆகவே மேட்டு ஊரில் படமும் பள்ளத்து ஊரில் வெறும் புள்ளிகளும் தெரிந்தன.

அந்தப் புள்ளிகளை இகழ வேண்டாம். அலைவரிசை இல்லாத இடத்தில் திரை முழுவதும் குமிழியிட்ட அந்த வெண்கரும் பொரியில், பெரும்பகுதி பெட்டியின் சொந்த மின்சுற்றுகளிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வருவது. ஆயினும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, பிரபஞ்சம் தோன்றிய இளமைக் காலத்தில் புறப்பட்டு இன்றும் ஆகாயமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சாகும். 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவில் ஓயாது கேட்ட இரைச்சலை ஆராயப் புகுந்து கண்டறிந்ததும், 1978இல் நோபல் பரிசு பெற்றதும் இக்கதிர்வீச்சுக்காகவே. வானத்தை ஆராயும் தொலைநோக்கிகள் காவலூரில் நிறுவப்பட்ட இதே மலையின் மக்கள், அவ்வானத்தின் மிகப் பழைய செய்தியைத் தம் வீட்டுத் திரையிலேயே கண்டுகொண்டிருந்தார்கள்.

பழைய முறைக்கு ஓர் அரிய குணம் இருந்தது. அலை வலுக்குறைந்தால் படமும் அதே அளவில் குறைந்தது. புள்ளிகளிடையே உருவம் நிழலாடினாலும் கண்ணும் மூளையும் அதை நிரப்பிக்கொண்டன, குரலோ தெளிவாகவே கேட்டது. டிஜிட்டல் முறையில் படம் எண்களாகச் சுருக்கி அனுப்பப்படுகிறது. பிழைகளைத் திருத்துவதற்குரிய கூடுதல் எண்களும் உடன் வருவதால், குறிப்பிட்ட எல்லைவரை வலுக்குறைவு தெரிவதேயில்லை. எல்லை கடந்ததும் படம் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, முற்றிலும் நின்றுவிடும். இடைநிலை என்பது அதில் இல்லை. மழை வந்தால் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு மாத்திரம் திரையில் நிற்பதன் காரணம் இதுவே. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டராகையால், கனமழையின் பெருந்துளிகள் அதன் ஆற்றலை வெகுவாக உறிஞ்சிச் சிதறடித்துவிடுகின்றன.

எனினும் மலைநாட்டுக்குச் செயற்கைக்கோளே பெரிய உபகாரம் செய்தது என்பதை மறைக்கலாகாது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லா நேரடி ஒளிபரப்பு, 93.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டின் நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. கோணக் கணிதத்தின்படி, ஜவ்வாது மலையிலிருந்து அது தென்கிழக்கே, அடிவானத்திற்கு ஏறத்தாழ 67 பாகை மேலே அமைகிறது. அவ்வளவு உயரத்திலுள்ள ஒன்றை எந்தக் குன்றும் மறைப்பதில்லை. பள்ளத்து ஊருக்கும் மேட்டு ஊருக்கும் இருந்த பேதம் ஒரு சிறு குடை ஆன்டெனாவால் ஒழிந்தது. பிறகு தரைக் கோபுரங்களின் பழைய ஒளிபரப்பைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டே வந்து, 2022ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள். அன்றுமுதல், எவ்விதப் பழுதும் இல்லாத பழைய பெட்டிகூட, செட்டாப் பாக்ஸ் என்னும் துணைப் பெட்டி ஒன்று இல்லாமல் எதையும் காட்ட இயலாததாயிற்று.

துணைப் பெட்டி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய திரையின் அகல உயர விகிதம் நான்குக்கு மூன்று. இன்றைய நிகழ்ச்சிகளின் விகிதம் பதினாறுக்கு ஒன்பது. அகலப் படத்தை முழுமையாகக் காட்டினால் திரையின் கால் பங்கு மேலும் கீழும் கரும்பட்டைகளாக வீணாகிறது. 1,080 கோடுகளில் தயாரித்த படம், பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் 576 கோடுகளிலும் முக்கால் பங்கான 432 கோடுகளுக்குள் நசுக்கப்படுகிறது. கதைப் படத்திற்கு இது பெரிய இடையூறன்று. ஆனால் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததே, அப்போது அல்ஜீப்ரா சமன்பாட்டின் அடுக்குக் குறியை 14 அங்குலத் திரையில் தேடும் மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனுடைய கண்ணிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. பெரிய திரையொன்றையே மனத்தில் வைத்து எழுத்தின் அளவை நிர்ணயித்தவர்களிடமே குறை. கல்வி நிகழ்ச்சியைத் தயாரிப்போர் அதனை ஒருமுறை சிறிய பழைய திரையில் ஓடவிட்டுப் பார்ப்பதை விதியாகக் கொள்வாராயின், இதற்குப் பரிகாரம் அன்றே கிட்டும்.

ஒயர் மாட்டும் பிரச்சினை இதனினும் எளியது; ஆகவே இதனினும் வருந்தத்தக்கது. பழைய பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகிய ஏ.வி. துவாரங்கள் உண்டு. புதிய துணைப் பெட்டிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. துவாரம் மாத்திரமே இருக்கிறது. இடையில் வைக்கும் மாற்றி ஒன்று கடைகளில் கிடைக்கிறது; ஆனால் அதில் இரு ஜாதிகள் உள. எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றுவது ஒன்று, ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றுவது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்; ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பழைய பெட்டிக்கு வேண்டியது முதலாவது. இதை அறியாமல் மற்றதை வாங்கிவிட்டு, பஸ் ஏறி மலைக்கு வந்தபின் ஏமாறுவோர்க்கு ஒரு நாள் கூலியும் போகிறது. அன்றியும், படங்களைச் சுருக்கும் முறை எம்பெக்-2 என்பதிலிருந்து எம்பெக்-4 என்பதற்கு மாறி வருவதால், பழைய துணைப் பெட்டிகள் புதிய அலைவரிசைகளை அடையாளம் கண்டும் திறந்து காட்ட இயலாமல் நிற்கின்றன.

பழைய சாதனம் என்றாலே பயனற்றது என்று கொள்வோருக்கு, இதே மலையில் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் வானாய்வகத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வானியலாளர் வைணு பாப்பு அங்கே 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடின் வளிமண்டலத்தை ஆராயவும், 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறியவும் துணை நின்றது. அரை நூற்றாண்டு கடந்தும் பயன்பாட்டிலிருந்து விலகவில்லை. இடைக்காலத்தில் புகைப்படத் தகடுகள் போயின. 1969இல் கண்டுபிடிக்கப்பட்ட சி.சி.டி. என்னும் சிலிக்கன் ஒளியுணரிகள் வந்தன. ஆடி அப்படியே இருக்க, அதன் குவியத்தில் வைக்கும் கருவியை மாத்திரம் மாற்றினார்கள். பாகங்களைப் பிரித்து மாற்ற இடம் கொடுத்த அமைப்பு காலத்தை வென்று நின்றது. வீட்டுச் சாதனங்களையோ அத்தகைய இடம் கொடாமல் வார்த்துவிடுகிறோம். படக்குழாய் மெலிந்தால் புதுக் குழாய் செய்வாரில்லை, இன்றைய எல்.இ.டி. திரையின் பின்விளக்கு அணைந்தாலும் முழுத் திரையையே மாற்றச் சொல்கிறார்கள்.

என்றாலும், தேய்ந்து முடிந்த குழாயை எக்காலமும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே அதனினும் பெரிய எல்.இ.டி. திரை ஒன்று ஓடும். கேதோடு தேய்ந்த பெட்டிக்கு விடை கொடுப்பதே முறை. ஆனால் விடை கொடுக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. உயர் அழுத்தத்தால் வேகம் பெற்ற எலெக்ட்ரான்கள் திரையில் மோதும்போது சிறிதளவு எக்ஸ் கதிர்களும் பிறப்பதால், அவற்றைத் தடுப்பதற்காகக் குழாயின் புனல் வடிவமான பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். குழாய் முழுமையாக இருக்கும்வரை அந்த ஈயம் யாரையும் தொடாது. செம்புச் சுருளுக்காக அதை உடைத்து, கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டினால், அது நொறுங்கி, மழைநீர் பட்டு, மண்ணிலும் சுனைநீரிலும் சேர வழி ஏற்படும். வளரும் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு மருத்துவ நூல்கள் ஐயமின்றி உரைப்பது.

மின்னணுக் கழிவுகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தும் விதிகள் 2012 மே முதல் இந்நாட்டில் அமலில் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் அவற்றைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். அவ்விதிகள் நகரங்களோடு நின்றுவிடாமல் மலைப்பாதை ஏற வேண்டும். ஜவ்வாது மலை ஒன்றியத்தின் தலைமையிடமான ஜமுனாமரத்தூரில், வாரச் சந்தைக்கும் அலுவலகக் காரியங்களுக்கும் மக்கள் வந்து கூடும் இடத்தில், பழைய பெட்டிகளை முழுமையாகப் பெற்றுக்கொண்டு அவற்றிற்கு ஒரு நியாயமான தொகையையும் தரும் நிலையம் ஒன்றை அரசும் உற்பத்தியாளரும் சேர்ந்து நிறுவ வேண்டும் என்றும், இலவசமாகவோ மானியத்திலோ வழங்கும் ஒவ்வொரு செட்டாப் பாக்ஸிலும் ஏ.வி. துவாரம் இருந்தே தீர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிலையம் வரும்வரை, மலையிலுள்ள அன்பர்கள் பழுதான படக்குழாயைக் கண்ணாடி உடையாமல், மழை படாத ஓர் இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைத்திருக்க வேண்டுகிறேன்.